இரண்டு லிட்டர்

சாயங்காலம் ஷேர் டெம்போவிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் உள்ளே நுழைந்த துர்கா, முதலில் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலின் தலைமாட்டில் நின்ற ஆக்சிஜன் சிலிண்டரைத்தான் பார்த்தாள். ஒன்றரை வருடப் படிப்பு கண்ணை அப்படிப் பழக்கியிருந்தது. மீட்டரின் குழாய்க்குள் மிதக்கும் குட்டிப் பந்து, இரண்டு லிட்டரில் அவள் நகப்பாலீஷால் போட்டிருந்த சிவப்புக் கோட்டில் இல்லை. ஆறில் ஆடிக்கொண்டிருந்தது.

“மெதுவாடி” என்றாள் அம்மா அஞ்சலாட்சி, விசிறியை நிறுத்தாமல். “நல்லா தூங்குறாரு.”

துர்கா அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். கழுத்தில் விரல் வைத்தாள். மார்பில் காதை வைத்தாள். பையில் ஸ்டெதஸ்கோப் இருந்தது ஞாபகமே வரவில்லை. கை சில்லிட்டிருந்தது, தாடை விறைக்கத் தொடங்கியிருந்தது. மார்பை அழுத்திப் பார்க்கிற நேரமெல்லாம் எப்போதோ கடந்து போயிருந்தது. சிலிண்டர் மட்டும் அவர் மூக்குக்குள் உஸ்ஸென்று ஊதிக்கொண்டே இருந்தது.

அவள் திருகியை மூடினாள். பந்து ஆறிலிருந்து இறங்கி, சிவப்புக் கோட்டைத் தாண்டி, அடியில் போய் உட்கார்ந்தது.

“ஏன்டி நிறுத்துற? ஏய், ஏன்டி நிறுத்துற?” என்று அம்மா எழுந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் விசிறி கையிலிருந்து நழுவியது. அதற்குப் பிறகு எழுந்த அலறலில் பக்கத்து வீட்டு ராஜாம்பாள் அடுப்பில் பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

முருகையன் இருபத்திரண்டு வருடம் மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இரும்பு வார்ப்புகளைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியவர். வார்ப்பு பளபளத்தது, நெஞ்சு பாழாய்ப் போனது. மூன்று மாதமாகத் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். சமுதாயக் கல்லூரியில் மூச்சு சிகிச்சைக்கென்று ஒரு படிப்பு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, அப்போதே தொடங்கியிருந்த இளைப்போடு மூன்று பஸ் மாறிப் போய் விண்ணப்பம் வாங்கி வந்ததும் அவர்தான். துர்காவின் முதல் நோயாளியும் அவரே. வகுப்பில் கற்றதையெல்லாம் அவரிடம்தான் பழகுவாள். “சுடுற டீய ஊதுற மாதிரி உதட்டக் குவிச்சு வுடுப்பா” என்பாள். அவரும் ஊதுவார். ஊதி முடித்து, “டாக்டரம்மா, என் மூச்சு பாஸா ஃபெயிலா?” என்பார்.

இந்த நோய்க்காரர்களுக்கு ஆக்சிஜன் கூடக்கூட நல்லது என்பது கிடையாது. கூடிப்போனால் கெட்ட காற்று வெளியேறாமல் உள்ளேயே சேரும், மயக்கம் வரும், பார்க்கிறவர்களுக்கு அது அயர்ந்த தூக்கம் போலத்தான் இருக்கும். அந்தத் தூக்கத்திலேயே மூச்சு மறந்துபோகும். முதல் வருடத்திலேயே வருகிற பாடம் அது. அதனால்தான் கோடு போட்டாள். “இதத் தாண்டாதம்மா” என்றாள். ஏன் என்று அம்மா கேட்டாள். மறுநாள் பரீட்சை, கையில் புத்தகம். “உனக்குச் சொன்னா புரியாது, வுடு” என்றாள் துர்கா.

புரியாதாம்! அஞ்சு நிமிஷம் சொல்லியிருந்தால் எந்தத் தாய்க்குப் புரியாது? அட படித்த பெண்ணே!

இதுகூடப் பரவாயில்லை. அவர் போன அன்று மத்தியானம் பன்னிரண்டரைக்கு ராஜாம்பாளின் செல்லிலிருந்து அம்மா கூப்பிட்டாள். துர்கா பயிற்சி ஆஸ்பத்திரியில் தோழி அகஸ்டினாவோடு டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள்.

“உங்கப்பா கஞ்சி குடிச்சிட்டுப் படுத்துட்டாருடி. நல்லா மல்லாக்கப் படுத்து! கொறட்டகூட வருது.”

“உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டும்மா” என்று துர்கா சிரித்தாள். “எழுப்பாத. நல்லா தூங்கட்டும்.”

மூன்று மாதமாகப் படுக்க முடியாத மனிதர் மல்லாந்து படுத்துக் குறட்டை விடுகிறார் என்றால் கூப்பிட்டால் விழிக்கிறாரா என்று கேட்க வேண்டும். வார்டில் வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பாள். அப்பா என்பதால் சந்தோஷப்பட்டுவிட்டாள். டப்பாவிலிருந்த அப்பளத்தில் பாதியை அகஸ்டினாவுக்கு உடைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை பந்தலுக்கடியில் முருகையன் கோடித் துணி போர்த்திக் கிடந்தார். மூக்குக் குழாய் அழுத்திய தடம் இரண்டு கன்னத்திலும் அப்படியே இருந்தது. வருகிறவர்களையெல்லாம் கட்டிக்கொண்டு அம்மா ஒரே கதையைச் சொன்னாள்.

“நேத்து காலைல ரொம்ப இளைச்சாரும்மா. பசிக்கிற புள்ளைக்கு இன்னொரு கரண்டி வெக்க மாட்டமா? கொஞ்சம் கூட்டி வெச்சேன். வெச்சதும் எப்படி அடங்குச்சுங்கிற! கொழந்த மாதிரி தூங்குனாரு. அந்த ஒரு தூக்கத்தையாவது குடுத்து அனுப்புனேனே!”

“புண்ணியவதி நீ” என்றார்கள் பெண்கள். “நல்ல சாவு” என்றார் மாமா ஜானகிராமன்.

பத்து மணிக்கு மாலையோடு கல்லூரியிலிருந்து நிர்மலாதேவி மேடமும் அகஸ்டினாவும் வந்தார்கள். அம்மா மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அதே கதையைச் சொன்னாள். கூட்டி வெச்சேன், அடங்குச்சு, தூங்குனாரு. அகஸ்டினாவின் கண் மூலையில் நின்ற சிலிண்டருக்குப் போனது. சிவப்புக் கோட்டில் நின்றது. சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

மேடம் வாயைத் திறந்தார். துர்கா அவரையே பார்த்தாள். வேண்டாம் மேடம், வேண்டாம், வேண்டாம்.

“நல்லா பாத்துக்கிட்டீங்கம்மா” என்றார் மேடம்.

வாசல் வரை வழியனுப்பப் போனபோது அவரே தாழ்ந்த குரலில் பேசினார். “ரொம்ப முத்திப்போன நுரையீரல் துர்கா. இன்னும் சில மாசந்தான் தாங்கியிருக்கும்.”

“எழுப்பாதன்னு சொன்னேன் மேடம்” என்றாள் துர்கா. “அம்மா போன் பண்ணாங்க. நான்தான் எழுப்பாதன்னு சொன்னேன்.”

மேடம் அவள் தோளில் கை வைத்து அழுத்திவிட்டுப் போனார்.

பதினொன்றரைக்குப் பறையும் சங்கும் தெருமுனை திரும்பின. ஆண்கள் போய்விட்டார்கள். பெண்கள் வீடு கழுவத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வாடகைக்குக் கொடுத்தவர் சாயங்காலம் வந்து எடுத்துப் போவார் என்று சிலிண்டரை மாமா வாசலோரம் நகர்த்தி வைத்திருந்தார். துர்கா அதன் பக்கத்தில் குந்தி, மீட்டரின் சிவப்புக் கோட்டை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள்.

“இன்னாடி சுரண்டுற?”

அம்மா நிலைப்படியில் நின்றாள். அழுது அழுது குரல் தேய்ந்திருந்தது.

“ஒண்ணுமில்லம்மா.”

“நீ போட்ட கோட்டத் தாண்டிட்டேன்னு கோவமாடி எம்மேல?”

துர்கா திரும்பவில்லை.

“இல்லம்மா. நீ வெச்சதாலதான் அவரு தூங்குனாரு.”

சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். பிறகு கிட்டே வந்து மகளின் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

“நேத்துலருந்து பட்டினி. கைய கழுவு, ஒரு வாய் சாப்புடு.”

சொம்பிலிருந்து அம்மாவே தண்ணீர் ஊற்றினாள். நகக்கண்ணில் அடைந்திருந்த சிவப்பு போகவில்லை. அம்மா இன்னொரு சொம்பு மொண்டு ஊற்றினாள்.