மஞ்சள் ஒயர் இல்லாமல்

என் மனைவி ஷஹர்பானு எட்டு வருஷம் கல்யாண வீடியோ எடுத்தாள். அத்தனையிலும் ஒரு நொடிகூட அவள் இல்லை. கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவளை எந்தக் கேமரா பிடிக்கும்? இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் உடனே உச்சுக்கொட்டுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. முகத்துக்கு ஆதார் கார்டு இருக்கிறது. கோணலாக விழுந்திருந்தாலும் அவள் முகம்தான். எனக்கு வேண்டியது குரல். குரலுக்கு எந்த ஆபீசிலும் கார்டு போட்டுத் தருவதில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மிளகாய் மண்டிக்கு மேல்மாடியில் என் கடை. ரஹமத்துல்லா வீடியோ மிக்ஸிங் என்றால் அந்தத் தெருவில் தும்மிக்கொண்டே வழி காட்டுவார்கள். கல்யாணம், சுன்னத்து, வீடு குடிபுகுதல் எதை எடுத்தாலும் வெட்டி ஒட்டி, வீட்டு ஹாலில் இருக்கிற பிளேயரில் ஓடுகிற மாதிரி டிஸ்க் போட்டுக் கொடுப்பேன். எங்கள் ஆட்கள் கல்யாணத்தில் பெண்கள் பக்கம் ஆண் கேமராக்காரன் நுழைய முடியாது. அதற்காகத்தான் ஷஹர்பானுவுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். இரண்டே வாரத்தில் என்னைவிட நன்றாக எடுத்தாள். ஒரே ஒரு குறை, எடுக்கும்போது வாய் ஓயாது.

"ஏம்மா, கொஞ்சம் தலையைத் தூக்குங்க. மாப்பிள்ளை என்ன தரையிலயா கெடக்கறாரு?" என்பாள். பெண் சிரித்துவிடும். படம் அழகாக விழும். ஆனால் அந்தச் சத்தமும் கூடவே விழும்.

"படத்துல உன் சத்தம் எதுக்கு? கேமராவைப் புடிச்சா வாயை மூடு" என்று கத்துவேன். பிறகு தொழில் வழக்கப்படி கேசட்டில் இருக்கிற சத்தம் முழுவதையும் அழித்துவிட்டு, முதலிலிருந்து கடைசி வரை பாட்டைப் போட்டு மூடுவேன். எல்லா மிக்ஸிங் கடையிலும் அப்படித்தான். கேசட்டையும் வைத்துக்கொள்ள மாட்டோம். அடுத்த கல்யாணத்தை அதன் மேலேயே எடுப்போம்.

போன வருஷம் நோன்புப் பெருநாள் கழிந்து பத்தாம் நாள், சோறு வடித்துக்கொண்டிருந்தவள் சுவரோரம் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குக்கர் மட்டும்தான் சத்தம் போடுகிறது. மூன்று விசில் அடித்துவிட்டு அதுவும் அடங்கிவிடும். அதற்குமேல் நான் ஒருவன்தான். எனக்கு என்னோடு பேசிப் பழக்கமில்லை.

மஸ்கட்டில் இருக்கிற எங்கள் மகன் நதீம் ஒரு வெள்ளிக்கிழமை போனில் கேட்டான். "அத்தா, அம்மா பேசுனது ஏதாச்சும் வச்சிருக்கீங்களா? எங்கிட்ட ஒண்ணுமில்ல. வீடியோ கால்லகூட அடுப்படியில நின்னு எட்டிப் பாக்காமயே பேசும்."

"இல்லாம எங்கடா போவும்? கடையில காப்பி மட்டும் நூத்திநாப்பது டிஸ்க் கெடக்குது" என்றேன், பெருமையாக.

அத்தனையையும் வீட்டுக்குக் கொண்டுவந்து ஹாலில் உட்கார்ந்து பிளேயரில் ஒவ்வொன்றாகப் போட்டேன். பாட்டு விட்டுப்போன இடம் ஒன்றாவது இருக்காதா என்று தேடி ஒன்பது நாள் ஆயிற்று. எல்லாவற்றிலும் பாட்டு. நூற்றுக்கணக்கான பெண்கள் நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், ஒருத்தி வாயைப் பொத்திக்கொள்கிறாள், ஒரு பெரியவர் வீட்டு அம்மாள் செல்லமாக அடிக்கக் கை ஓங்குகிறாள். அவள் ஏதோ சொல்லியிருக்கிறாள், அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. என்ன சொன்னாள் என்று தெரியவிடாமல் மேலே புல்லாங்குழல் ஊதிக்கொண்டிருக்கிறது. ஊதவிட்டவன் நான்தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள், எனக்குக் காது கெட்ட கதை.

பத்தாம் நாள் காலை பல் துலக்கும்போது ஓமலூர் நினைவுக்கு வந்தது.

பதினைந்து வருஷத்துக்கு முந்திய கல்யாணம். ஓமலூரில் அரிசிக்கடை வைத்திருக்கிற மஹீன் பாய், மகள் தஹ்சீனின் நிக்காஹுக்குப் பெண்கள் பக்கம் வீடியோ எடுக்கச் சொன்னார். இரண்டு நிபந்தனை போட்டார். பாட்டு கூடாது. பெண்களை எந்த ஆணும் பார்க்கக் கூடாது, மிக்ஸிங் போடுகிற நான் உட்பட. எனக்கு மூக்குமேல் கோபம். ஷஹர்பானுதான், "நானே எடுத்து நானே டிஸ்க் போட்டுத் தாரேங்க" என்று ஒத்துக்கொண்டாள். கேமராவை நேராக ரெக்கார்டரில் மாட்டி, கடைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள். என் கடையிலேயே எனக்கு இடமில்லை. மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டு படிக்கட்டில் கிடந்தேன். அந்த ஒரு டிஸ்க்கில்தான் என் கை படவில்லை.

அன்றே ஓமலூருக்கு பஸ் ஏறினேன். மஹீன் பாய்க்குத் தாடி முழுக்க நரைத்திருந்தது. சலாம் சொல்லி முன்னறையில் உட்காரவைத்து டீ கொடுத்தார். ஷஹர்பானு மவுத்தான செய்தியைச் சொன்னதும் துஆ ஓதினார். வந்த காரியத்தைச் சொன்னேன்.

"டிஸ்க் பத்திரமா இருக்குதுங்க பாய். ஆனா அது ஒரு நாளும் ஓடுனதில்லீங்க" என்றார்.

"ஓடுலீங்களா?"

"போட்டா 'நோ டிஸ்க்'குன்னு வரும். ரெண்டு பிளேயர் மாத்திப் பாத்தோம். உங்க சம்சாரம் மொதமொதல்ல தனியாப் போட்டது, சொன்னா அந்தம்மா மனசு சங்கடப்படும்னு எம் மவதான் வேண்டாம்னுருச்சு."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ரெக்கார்டரில் டிஸ்க் போட்டு முடித்ததும் கடைசியாக அதை மூட வேண்டும், ஃபைனலைஸ் என்று மெனுவில் இருக்கும். மூடாவிட்டால் எழுதிய மெஷினில் மட்டும்தான் ஓடும். மற்ற பிளேயருக்கெல்லாம் அது வெறும் தட்டு.

டிஸ்க் போட்ட அன்றைக்கு ஷஹர்பானு கடைக் கதவை ஒரு விரல் அகலம் திறந்து கேட்டாள். "என்னங்க, முடிஞ்சிருச்சு. கடைசியில இன்னும் ஏதாச்சும் அமுக்கோணுமா?" நான் படிக்கட்டிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாந் தெரிஞ்ச பெரிய மிக்ஸிங்காரிதான? நீயே பாத்துக்க." அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டாம் முறை கேட்கவில்லை. கேட்டால் கத்துவேன் என்று அவளுக்குத் தெரியும்.

"டிஸ்க்கைக் குடுங்க பாய். அந்த ரெக்கார்டர் இன்னும் எங்கிட்டதான் இருக்குது. மூடிக் கொண்டாந்து தாரேன்."

மஹீன் பாய் மறுப்பாகத் தலையை ஆட்டினார். "கோவிச்சுக்காதீங்க. ஊட்டுப் பொம்பளைங்க முக்காடில்லாம இருக்கறாங்க. அது வாசப்படி தாண்டாதுங்க."

பழைய கோபம் சுருக்கென்று ஏறியது. பிறகு யோசித்தால், அந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் அந்தச் சத்தத்தையும் நான்தான் அழித்திருப்பேன். "அப்பன்னா நாளைக்கு மெஷினையே தூக்கிட்டு வாரேங்க" என்றேன்.

மறுநாள் ரெக்கார்டரைப் பழைய போர்வையில் சுற்றி, அரிசிச் சாக்கில் போட்டு, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரர், "ரிப்பேருங்களா?" என்று கேட்டார். "போனாத்தான் தெரியும்" என்றேன். ஐந்து வருஷமாக அதற்கு நான் கரண்ட் கொடுத்ததே இல்லை. ராத்திரி போட்டுப் பார்த்திருக்கலாம். ஓடாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் போட்டுப் பார்க்கவில்லை.

டிவி உள் ஹாலில் இருந்தது. நடுவே கதவுக்குத் திரை. மஹீன் பாய் மெஷினை உள்ளே வைத்துவிட்டு என்னோடு முன்னறைக்கு வந்துவிட்டார். தஹ்சீன் உள்ளேயிருந்து, "மாமா, சொல்லுங்க, நான் பண்றேன்" என்றாள். புருஷன் சவூதியில் இருக்கிறானாம், அவள் இங்கேதான் இருக்கிறாள்.

"மொதல்ல டிஸ்க்கை மெதுவான துணியில துடைம்மா. சுத்தித் துடைக்காத, நடுவுலருந்து வெளிப்பக்கமாத் துடை."

"ஆச்சுங்க மாமா."

"உள்ள தள்ளு. எதும் வருதா?"

கர்ரென்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை, மறுபடியும் கர்ர்.

"வந்துருச்சுங்க மாமா. நீலமா ஒரு பட்டியல் வருது."

"ரிமோட்டுல கீழ் அம்பை மூணு தடவை அமுக்கு."

"ஐயோ, தப்பா அமுக்கிட்டேன் மாமா. வேற என்னமோ வந்துருச்சு."

கெட்ட வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அப்படியே முழுங்கினேன். "பரவால்லம்மா. அவசரமே இல்ல. ரிட்டர்ன்னு ஒரு பட்டன் இருக்கும் பாரு, அதை அமுக்கு." இதைப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் படிக்கட்டில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். சொல்லி முடிக்க ஒரு தும்மல் நேரம்கூட ஆகியிருக்காது.

மூட ஆரம்பித்தது. தஹ்சீன் சதவீதத்தை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அறுபத்திரண்டில் நின்றுவிட்டது. மஹீன் பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் தஸ்பீஹ் மணியை எடுத்து உருட்ட ஆரம்பித்தார். எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாது. "அறுபத்திமூணு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தபோது நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

முடிந்ததும் டிஸ்க்கை எடுத்து அவர்கள் வீட்டுப் பிளேயரில் போடச் சொன்னேன். 'நோ டிஸ்க்' வரவில்லை. திரைக்கு அந்தப் பக்கமிருந்து, இரண்டடி தூரத்தில் நிற்கிறவள் மாதிரி ஷஹர்பானு பேசினாள்.

"ஆரம்பிச்சிருச்சா? செவப்பு லைட்டு எரியுது. ஆமா, ஆரம்பிச்சிருச்சு. பேசுங்கம்மா, எல்லாரும் நல்லாப் பேசுங்க. இன்னிக்கு இது எங்க வீட்டுக்காரரு கைக்குப் போவாது. பாட்டைப் போட்டு நம்ம வாயை மூடமாட்டாங்க."

டிஸ்க்கில் பெண்கள் சிரித்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த பெண்களும் சிரித்தார்கள். திரைக்கு இப்பால் நான் இருப்பது ஞாபகம் வந்து சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். டிஸ்க்கில் இருந்தவர்கள் நிறுத்தவில்லை.

யாரோ வயசான அம்மாள் கேட்டாள். "உங்கூட்டுக்காரரு கோவக்காரருங்களா?"

"சேச்சே. நல்ல மனுசங்க. நான் பேசுனா மட்டும் புடிக்காது" என்றாள் ஷஹர்பானு. குரலில் ஒரு வருத்தமும் இல்லை. எங்க வீட்டுக்காரருக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்கிற மாதிரி சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

நான் அழுதேன். மஹீன் பாய் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். முழுக்க நாற்பது நிமிஷம். அவளுக்குப் பேச இவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியாது. முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன்.

முடிந்ததும் தஹ்சீன் திரைக்கு அருகே வந்து நின்றாள். "மாமா, மாமி பேசுனது உங்களுக்கு வேணுமில்லீங்களா? படம் குடுக்க முடியாது. வேற வழி இருக்குதுங்களா?"

வழி இருந்தது. பிளேயரிலிருந்து ரெக்கார்டருக்குப் போகிற ஒயரில் மூன்று தலை. மஞ்சள் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. "மஞ்சளை மட்டும் மாட்டாமத் தொங்கவிடும்மா" என்றேன். சாக்கிலிருந்து புது டிஸ்க் ஒன்றை எடுத்துத் திரைக்கு அடியில் தள்ளினேன். எட்டு வருஷம் படத்தை வைத்துக்கொண்டு சத்தத்தை எறிந்தவன், அன்று முதல் தடவையாக மாற்றிச் செய்யச் சொன்னேன். மறுபடி நாற்பது நிமிஷம் காத்திருந்தேன். நான் கேட்பதற்கு முன்னாலேயே அவள் சொன்னாள், "மாமா, மூடிட்டேன். சரிபாத்துட்டேன், எங்க பிளேயர்லயும் ஓடுது."

நேற்று சாயந்திரம் வீட்டு ஹாலில் அதைப் போட்டேன். நதீமுக்கு இன்னும் சொல்லவில்லை. அவனுக்கும் ஒன்று போட்டு அனுப்புவேன், அதற்குமுன் நான் தனியாகக் கேட்க வேண்டும். டிவி வெறும் கறுப்பாக இருந்தது. அதில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நான் தெரிந்தேன்.

பிரியாணி அண்டா வந்தது, யாரோ குழந்தை அழுதது, மருதாணியைப் பற்றி ஒரு விசாரணை நடந்தது. இருபத்தைந்தாவது நிமிஷத்தில் சந்தடி கொஞ்சம் அடங்கியது. அடுத்து அவள் சொல்வதை ஓமலூரிலும் கேட்டிருந்தேன், ஆனால் அங்கே வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அந்தக் கல்யாணத்தில் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்துத்தான் அவள் சொன்னாள். ஆனால் என் ஹாலில் என்னைத் தவிர யாரும் இல்லை.

"என்ன, ஒருத்தரும் பேசக் காணோம்? யாராச்சும் ஏதாச்சும் பேசுங்களேன்."

தொண்டையைச் செருமி, "நீ சொல்லு பானு, கேட்டுட்டுத்தான் இருக்கறேன்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "ஏம்மா பச்சை சேலை, இந்தப் பக்கம் திரும்புங்க" என்று அவள் போயே போய்விட்டாள்.

ரிமோட்டை எடுத்துப் பின்னால் தள்ளினேன். இந்தத் தடவை அவள் கேட்டு முடித்த உடனே சொன்னேன்.