ஜைனுதீனின் டேப்புகள்

ஜைனுதீன் மௌத்தாகி நாற்பது நாள் கழிந்த பிறகுதான் அவர் மனைவி சாலிஹாவுக்கு அது உறைத்தது. அவருடைய குரல் வீட்டில் எங்கேயும் இல்லை. போட்டோக்கள் கொள்ளை கொள்ளையாக இருந்தன. மகள் ரிதாவின் பிறந்தநாள் வீடியோக்களை எடுத்ததெல்லாம் அவர்தான். ஆனால் கேமராவைத் தூக்கிவிட்டால் மனிதர் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்வார். வாட்ஸப்பிலும் டைப் அடிப்பதோடு சரி.

பதிவு ஓடும்போது வாய் திறக்காத அந்தப் பழக்கம் சால்ட் லான்டர்ன் என்ற ராக் இசைக்குழுவால் வந்தது. அறுபதுகளில் சான் பிரான்சிஸ்கோவில் ஐந்து பரட்டைத்தலைப் பையன்கள் ஆரம்பித்த குழு. ஒரே பாட்டை அரைமணி நேரம் இழுப்பார்கள்; இன்று வாசித்தது நாளைக்கு வராது. அதனால் கச்சேரியை யார் வேண்டுமானாலும் பதிவு செய்து, யாருக்கு வேண்டுமானாலும் சும்மா கொடுக்கலாம் என்று குழுவே விட்டிருந்தது. கம்பில் மைக்கைக் கட்டி நின்று பதிவு செய்யும் 'டேப்பர்' கூட்டத்தில் ஜைனுதீனும் ஒருவர். அவர்களுக்கு ஒரே சட்டம்தான்: மைக் பக்கத்தில் பேசக்கூடாது, கை தட்டக்கூடாது. போதையில் ஒருவர், முதுமையில் மூவர் என்று குழு கரைந்து, கடைசியில் பாடகரும் போய்ச் சேர்ந்தார். சான் பிரான்சிஸ்கோ பக்கத்து பிளசன்டன் ஊரில், வீட்டு கராஜில் ஜைனுதீனின் நூற்று எண்பத்தாறு டேப்புகள் மிஞ்சின.

அவற்றை இணையத்தில் சேர்த்துவைக்கும் ரசிகர்களுக்குக் கொடுக்க ரிதா ஏற்பாடு செய்தாள்.

"எல்லாத்தையும் கேட்டு முடிக்காம ஒண்ணைக்கூட தரமாட்டேன்" என்று முரண்டு பிடித்தாள் சாலிஹா.

"உம்மா, டேப்பர்ஸ் டோன்ட் டாக். வாப்பா வோன்ட் பி ஆன் தெம்."

"ஒரு இருமலாச்சும் இருக்காதாடி?"

தினமும் லுஹர் தொழுததும் கராஜில் போய் உட்கார்ந்தாள். ஒரு காலத்தில் வெறும் இரைச்சல் என்று திட்டிய பாட்டுகளை வரிசையாகக் கேட்டாள். யார் யாரோ விசிலடித்தார்கள், யாரோ இருமினார்கள். அவர் மட்டும் இல்லை. பாவி மனுஷன், அந்தச் சட்டத்தை ஒரே ஒரு நாளாவது மீறியிருக்கக்கூடாதா?

ஐந்தாவது வாரம், பெட்டியின் அடியில் தனியாகக் கிடந்த ஒரு டேப் அகப்பட்டது. 'ஓக்லாண்ட், 1998. கெட்டுப்போனது' என்று அவர் பொடி எழுத்தில் எழுதியிருந்தார். கெட்டதை எதற்கு வைத்திருக்கிறார் என்று முணுமுணுத்தபடி போட்டாள்.

கிட்டார் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. திடீரென்று காதுக்குப் பக்கத்தில் ஒரு பெண் குரல்.

"என்னங்க, இது எப்பங்க முடியும்? எனக்குப் பசிக்குது."

"உஷ்."

அவ்வளவுதான். கல்யாணமாகி இரண்டு மாதத்தில் அவள் போன முதல் கச்சேரி அது. அந்த ஒரு 'உஷ்'ஷுக்கு வீடு வரும்வரை காரில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் எத்தனை கெஞ்சியும் ஒரு கச்சேரிக்கும் போகவில்லை. வீம்பு. போயிருந்தால் அவளால் பேசாமல் இருக்க முடிந்திருக்காது. அவரும் அதட்டிக்கொண்டே இருந்திருப்பார். நூறு டேப்பிலாவது அவர் குரல் இருந்திருக்கும்.

நெஞ்சு வெடிக்கிற மாதிரி அழுதாள். அழுதபடியே டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டாள்.

"உஷ்" என்றார் ஜைனுதீன்.

சாலிஹா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாட்டு முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. இந்தத் தடவை அவள் ஒரு சத்தமும் போடவில்லை.