கண்மாய்க்குள் போன கிணறு

இப்போது யாரும் எதையும் கண்ணால் பார்ப்பதில்லை. எதிரில் நிற்கிற பொருளைக் காட்டினாலும் கையிலிருக்கிற போனைத்தான் பார்க்கிறார்கள். போன தை மாசம் நிலம் அளக்க வந்த பையனும் அப்படித்தான். என் கிணற்றுத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டே சொன்னான், "பெரியவரே, இந்தக் கிணறு ஒங்க பட்டாவுல வரல. கண்மாய்க்குள்ள வருது."

கண்மாய் நிறைந்து கிடந்தாலும் தண்ணீர் என் வரப்புக்கு அங்கிட்டேதான் நிற்கும். அதைக் கையை நீட்டிக் காட்டினேன். அவன் போனைப் பார்த்தான்.

பிறகு நோட்டீஸ் வந்தது. ஆக்கிரமிப்பாம். கிணற்றைத் தூர்க்க வேண்டுமாம். அது போனால் என் கடலைக் கொல்லை வெறும் செம்மண். புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறிப் போய் மனுக் கொடுத்தேன். மறுபடி அளக்க ஆள் வரும் என்றார்கள். நான் நம்பவில்லை. ஆனால் வந்தது. ஷீபா என்று ஒரு சர்வேயர் பெண். தலையில் தொப்பி, கையில் ஒரு கம்பு, கம்பு நுனியில் காளான் மாதிரி ஒரு கருவி.

"சங்கிலி எங்கம்மா?"

"சங்கிலிக் காலமெல்லாம் போச்சுங்கய்யா. இது சேட்டிலைட்ட வச்சு அளக்குறது."

"மேல சுத்துறதுக்கு என் வரப்பு எப்புடித் தெரியும்?"

"தெரியாதுங்க. அதான் நான் வந்துருக்கேன்."

என் பெண்சாதி செவந்தி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராஜா காலத்தில் சமஸ்தானத்துக்காரன் அளந்து கல் நட்டான். ராஜா போனார், சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்தது, ஆபீசும் அங்கே போனது. பிறகு புதுக்கோட்டை தனி மாவட்டமாகி ஆபீஸ் திரும்பி வந்தது. அடிக்கணக்கு போய் மீட்டர் வந்தது, அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு நாங்கள்தான் அலைந்தோம்.

"வாரவுக எல்லாம் புதுசு புதுசா ஒரு குச்சியத் தூக்கிட்டு வாரீங்க. முன்னால அளந்தவன் திருடனா, இப்ப அளக்குறவன் திருடனா?" என்று கேட்டேவிட்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "யாரும் முதல்லேருந்து ஆரம்பிக்கலைங்கய்யா. சமஸ்தானம் நட்ட கல்லத்தான் பின்னால வந்தவங்க எல்லாரும் நம்புனாங்க. கல்லு எடத்துல இருந்தா எல்லாம் சரி."

"இல்லேன்னா?"

"எல்லாம் தப்பு."

கொல்லை மூலையில் வேப்பமரத்தடிக்குப் போனாள். அங்கே எங்கள் எல்லைக்கருப்பர் இருக்கிறார். கல்தான். எண்ணெய் ஊற்றி ஊற்றிக் கருத்துப்போன கல், இடுப்பில் சிவப்புத் துண்டு. வரைபடத்தில் மூலைக்கல் என்று போட்டிருக்கிறது, இதுதான் அது என்று சொல்லித்தான் அந்தப் பையன் அளக்க ஆரம்பித்தான். ஷீபா செருப்பைக் கழற்றிவிட்டு, "தொடலாமாக்கா?" என்றாள்.

"தண்ணி ஊத்திட்டுத் தொடுங்க," என்றாள் செவந்தி.

எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்ததும் கருப்பர் தலையில் உளியால் வெட்டிய கூட்டல் குறி தெரிந்தது. "சர்வே கல்லுதான், சந்தேகமில்ல," என்று சொல்லிவிட்டு, அவள் மற்ற இரண்டு மூலைக்கல்லுக்கும் நடந்து அளந்து திரும்பி வந்தாள். முகம் சுருங்கியிருந்தது.

"அந்த ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சரியா இருக்கு. இது மட்டும் ஒங்க பக்கமா இருபது இருபத்தஞ்சு அடி உள்ள வந்து நிக்குது. கல்லு நடந்தா வரும்?"

செவந்தி முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லித் தொலை."

"முன்ன கருப்பரு வெட்டவெளியில நின்னாரு. ஆடி வெயில்ல அங்கன பொங்கல் வச்சா மண்டை பொளந்துரும். நானு, பிரகதாம்பா அக்கா, திலகவதி, இன்னும் ரெண்டு பேரு, சாமிகிட்ட உத்தரவு கேட்டுட்டு, கடப்பாரையப் போட்டு நெம்பித் தூக்கியாந்து நெழல்ல வச்சோம்."

"எப்ப?"

"கணக்குப்பிள்ளை வேலைய கவர்மெண்டு எடுத்துருச்சுல்ல, அதுக்கு மறு வருசம். அவரு இருந்தவரைக்கும் வருசா வருசம் கல்லச் சுத்திப் பாப்பாரு. அப்புறம் யாரு பாக்கப் போறான்னுதான்..."

"ஏன்டி, இத்தன வருசமா எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க என்னைக்குப் பொங்க வைக்கிற எடத்துக்கு வந்தீங்க? வீட்டுல ஒக்காந்துக்கிட்டு சோறு எங்கன்னுதான் கேப்பீங்க."

ஷீபா தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். பிறகு கம்பைத் தூக்கிக்கொண்டு கண்மாய்ப் பக்கம் நடந்து, மற்ற இரண்டு கல்லிலிருந்து கணக்குப் பார்த்து முன்னும் பின்னும் நகர்ந்து, ஒரு இடத்தில் நின்றாள். "இங்க தோண்டுங்கய்யா."

மண்வெட்டி போட்டேன். முழங்கை ஆழத்துக்குள்ளேயே செம்மண் நின்று கரிமண் வந்தது. சாம்பல். பானை ஓடு.

"எங்க அடுப்பு!" என்றாள் செவந்தி, பிறந்த வீட்டைக் கண்டவள் மாதிரி.

ஷீபா அங்கிருந்து திரும்ப அளந்தாள். "கிணறு ஒங்களுதுதாங்க. கெணத்துக்கு அங்கிட்டும் வண்டி திருப்புற அளவுக்கு எடம் இருக்கு. நோட்டீச ரத்து பண்ணச் சொல்லி நானே எழுதிடுறேன்."

கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டேன். நோட்டீஸ் வந்த நாளிலிருந்து நான் கிணற்றுக்குள் நேராகப் பார்க்கவில்லை, சாகக் கிடக்கிறவன் முகத்தைப் பார்க்காத மாதிரி. இப்போது எட்டிப் பார்த்தேன். பாதிக் கிணற்றுக்குத் தண்ணீர் கிடந்தது. ஒரு தவளை தெரிந்தது. அதுகூட அழகாக இருந்தது.

"கருப்பரத் திருப்பித் தூக்கணுமாங்க?" என்று செவந்தி பயந்துகொண்டே கேட்டாள்.

"வேணாங்க்கா. சாமி நெழல்லயே இருக்கட்டும். நாம இங்க புதுக் கல்லு போட்டுருவோம்."

போட்டார்கள். மண் இறுகுவதற்குள் செவந்தி குங்குமம் கொண்டுவந்து அதற்கும் பொட்டு வைத்துவிட்டாள்.

"அடியே!"

"இதும் எல்லையக் காக்குற கல்லுதானே?"

"கும்புட்டுக்கங்க, தூக்க மட்டும் தூக்காதீங்க," என்றாள் ஷீபா. "தூக்குனாலும் இனிமே கவலையில்லைங்கய்யா. இந்த எடம் சேட்டிலைட் கணக்குல பதிஞ்சாச்சு. எந்த ஆபீஸ் வந்தாலும் மாறாது."

"சமஸ்தானத்துக்காரனும் இதத்தாம்மா சொல்லியிருப்பான்," என்றேன்.

அவள் ஏதோ விளக்கம் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லட்டும், செவந்தி கேட்பாள். கடலை வாடிக் கிடந்தது. நான் தண்ணீர் பாய்ச்சப் போனேன்.