வழி கேட்ட வண்டி

ஐஸ் பெட்டி கொண்டுபோகும் ஆளில்லா வண்டி, கடலில் செத்தவர்கள் எதிரே வந்தால் நின்று வழி கேட்கும் என்பது கார்த்திகைக்குள் திரேஸ்புரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மீன் கம்பெனி அதை ஆவணியில் இறக்கியது. இடுப்பளவு உயரம், நான்கு சக்கரம், முதுகில், எதிரே நிற்பதைக் காட்டும் ஒரு சின்னத் திரை. நாய்க்கும் சைக்கிளுக்கும் தானாகவே ஒதுங்கிப் படகுத்துறைக்குப் போய்வந்தது. யாராவது குறுக்கே நின்றால், "கொஞ்சம் வழி விடுங்க" என்று பெண் குரலில் சொல்லும். ஒரு மத்தியானம் சுடலைச்செல்வி வீட்டு முன்னால், ஆளே இல்லாத இடத்தில், அப்படிச் சொல்லி நின்றது. திரையில் ஓர் ஆள் உருவம் தெரிந்தது. புயலில் போன அவள் தம்பியைப் போலவே இடது காலைச் சாய்த்து நின்றது. பிறகு கடலுக்கு ஆள் பறிகொடுத்த வேறு வாசல்களிலும் வண்டி நின்றது. கம்பெனி மெக்கானிக் ஜெபசீலன் சென்சாரை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "கோளாறு ஒண்ணும் இல்ல. அங்கன ஆள் நிக்கி" என்றான்.

ஷீஜா வீட்டு முன்னால் மட்டும் அது நிற்கவில்லை. அவள் புருஷன் நேசக்குமார் சங்கு குளிக்கப் போய் இரண்டு வருஷமாகத் திரும்பவில்லை; உடலும் ஒதுங்கவில்லை. இலங்கைப் பக்கம் எங்காவது கரையேறியிருப்பான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டி நிற்காமல் போன ஒவ்வொரு நாளும் அவன் உயிரோடு இருந்தான். சக்கரச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே கதவைச் சாத்தி அதில் முதுகைக் கொடுத்து, சத்தம் கடந்துபோகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வண்டியை வேறு தெருவில் விடச் சொல்லி ஜெபசீலனிடம் கெஞ்சினாள். "மாத்திரலாம்க்கா. பெறவு அண்ணன் இங்கன வந்தாலும் ஒங்களுக்குத் தெரியாம போயிருமே" என்றான். அதன்பின் அவள் கேட்கவில்லை.

மார்கழியில், வெயில் ஏறிய நேரத்தில், சத்தம் அவள் வாசலில் நின்றது. "கொஞ்சம் வழி விடுங்க." ஷீஜா அசையவில்லை. வண்டி மறுபடி கேட்டது. மறுபடியும் கேட்டது. ஐஸ் உருகித் தெருவில் ஓடியது. சுடலைச்செல்வி வந்து கதவைத் தட்டினாள். "ஏளா, எவ்வளவு நேரந்தான் அவர வெளிய நிறுத்தி வைப்ப?"

ஷீஜா திறந்தாள். வாசலில் சுடலைச்செல்வியைத் தவிர யாருமில்லை. திரையில் ஓர் ஆள் வீட்டைப் பார்த்து, செருப்பைக் கழற்றக் குனிந்திருந்தான். அவள் திரையையும் வெறும் வாசற்படியையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில், "என்னங்க, வண்டி போகணுமாம். உள்ள வாங்க" என்று கதவோரம் ஒதுங்கினாள். குளிர்ந்த உப்புக் காற்று அவள் தோளை உரசிக்கொண்டு உள்ளே போனது. வண்டி நன்றி சொல்லி நகர்ந்தது. அன்று முழுக்க ஷீஜா அழுதாள்.

இப்போது வண்டி நின்றால் தெருவில் போகிறவர்களும் நிற்கிறார்கள். பிள்ளைகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, அது நகர்ந்த பிறகு நடக்கிறார்கள்.