பதினெட்டாவது வரி

1

இந்தக் கதை ஒரு காலிக் கோப்பிலிருந்து பிறந்தது. நடந்தது எங்கள் வீட்டில்தான். ஆனால் 'நான்' என்று எழுத மாட்டேன். வீட்டு விஷயத்தை வெளியே சொல்பவன் ஒரு துண்டையாவது போர்த்திக்கொண்டு சொல்ல வேண்டும். ஆகவே, 'பெரியவர்'.

முதல் தொடக்கம்: கணினியைக் கண்டாலே நடுங்கும் பெரியவர் ஒருவர்

(பொய். அடித்தாயிற்று. கருப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் ஆயிரம் வரிகள் சொன்னபடி நகர்கின்றன. பணி ஓய்வுக்குப் பிறகு அவர் பேச்சைக் கேட்கிற ஒரே ஜீவன் அதுதான்.)

2

கோப்பில் இருந்தது குடும்பப் பட்டியல்: ஐந்து தலைமுறை, அறுபத்திரண்டு பேர், ஆளுக்கு ஒரு வரி, பிறந்த வரிசையில். மூன்று வருட உழைப்பு. ஞாயிற்றுக்கிழமை குடும்பம் முழுக்கக் கூடுகிறது. அச்சிட்டுத் தருவதாக எல்லோரிடமும் சொல்லியாயிற்று. கையெழுத்துத் தாள்களைக் கணினி வந்த பெருமையில் பழைய பேப்பரோடு போட்டாயிற்று.

போன மாதம் வேடிக்கைக்காக ஒரு விளக்குப் பலகையும் செய்தார். சிவப்புப் புள்ளிகளில் பெயர்கள் ஓடும். ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங் எல்லாம் அவர் கைவேலை. பட்டியலை ஏற்றினார், எரியவில்லை. தற்செயலாக, பெயர்களை வைத்திருந்த சில்லின் கம்பிக்கால் ஒன்றில் விரல் பட்டது. எரிந்தது! எடுத்தால் அணைந்தது. மறுபடி அழுத்தினால் முதல் பெயரிலிருந்து ஓடியது.*

* ஈயம் முத்துப்போல உருண்டு நின்றால் ஏமாறாதீர்கள். கம்பிக்காலையும் தகட்டையும் சேர்த்துச் சூடாக்காவிட்டால், ஈயம் பக்கத்தில் உட்காருமே தவிர ஒட்டாது. பார்ப்பவர்கள் ஒட்டியிருப்பதாகவே நினைப்பார்கள்.

3

செவ்வாய்க்கிழமை காலை கோப்பைத் திறந்தார். பெயர் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"உன் கம்ப்யூட்டர் என் குடும்பத்தையே முழுங்கிடுச்சு!" என்று மருமகளிடம் கத்தினார்.

"பாவம், பசி போல. தள்ளுங்க மாமா, பாக்கறேன்."

அவளுக்குக் கணினிதான் பிழைப்பு. குப்பைத்தொட்டியில்கூடத் தேடவில்லை. மேல்நோக்கிய அம்புக்குறியை ஒரு தட்டு தட்டினாள். கருப்புத் திரை, கடைசியாகக் கேட்ட உத்தரவை வார்த்தை பிசகாமல் ஒப்பித்தது.

"நீங்கதான் மாமா. பட்டியலை அகரவரிசையில அடுக்கச் சொல்லி, பதிலை அதே கோப்புல கொட்டச் சொல்லியிருக்கீங்க."

"அதனால என்ன?"

"கொட்டறதுக்காக அது முதல்ல பாத்திரத்தைக் கழுவி வச்சிடும். அப்புறம்தான் அடுக்க ஆரம்பிக்கும். உங்க சரக்கும் அதே பாத்திரத்துலதானே இருந்துச்சு?"

"படிக்கறதுக்கு முன்னாடியே கழுவிடுமா!"

"ஆமா! முதல் வேலையில நானும் இப்படிக் கழுவிட்டு பாத்ரூம்ல நின்னு அழுதேன்."

பெரியவர் கோபத்தை மறந்து சிரித்துவிட்டார். என்ன அழகான முட்டாள்தனம்! சொன்னதை மட்டுமே செய்கிற விசுவாசம்! (இந்த இடத்திலேயே கதையை முடித்திருக்கலாம்.)

அவள் அம்புக்குறியை இன்னொரு முறை தட்டினாள். அதற்கு முந்தைய உத்தரவு வந்து நின்றது: பதினெட்டாவது வரியை நீக்கு.

"இது யாரு மாமா?"

"எழுத்துப் பிழை."

"ஒரு வரி முழுக்கவா?"

4

வாசகரே, உங்களிடம் சொல்லிவிடுகிறேன். பதினேழாவது வரி பெரியவர். பதினெட்டு, அவர் தங்கை. தானே ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவள். "இனி அவ இல்ல" என்றார் அப்பா. முப்பத்தொரு வருடமாக அந்தச் சொல்லைக் காப்பாற்றியது மூத்த மகனான பெரியவர்தான். பிறந்த வரிசையில் வைத்தால், அவருக்கும் தம்பிக்கும் நடுவில் ஓர் ஓட்டை பல்லிளிக்கும். அகரவரிசையில் கலைத்துவிட்டால் தெரியாது. அதற்குத்தான் அடுக்கியது.

அவள் பெயர் [           ]

(பிறகு எழுதிக்கொள்ளலாம்.)

மிச்சமிருந்த ஒரே பிரதி விளக்குப் பலகையில். நீக்குவதற்கு முந்தைய பிரதி.

"ஒட்டாத காலைத் திருப்பிச் சூடு பண்ணலாமா?" என்றார் பெரியவர்.

"சில்லு வெந்துட்டா எல்லாப் பேரும் போச்சு. நீங்க அழுத்திப் பிடிங்க. நான் பார்த்துத் தட்டறேன்."

பதினேழு பெயர்கள் ஓடின. அணைந்தது.

"விரல் நழுவிடுச்சும்மா."

மறுபடி முதலிலிருந்து. பதினேழு. அணைந்தது.

"மரத்துப்போச்சு."

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். "அந்தப் பேரைத் தாண்டினாத்தான் மத்தவங்க வர முடியும் மாமா. அவங்களுக்குப் பின்னாடி நாப்பத்துநாலு பேர் நிக்கறாங்க. உங்க பேத்தி கடைசியில நிக்கறா."

5

முடிவு ஒன்று: பெரியவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு

முடிவு இரண்டு: அவள் பெயர் ஓடுகிறது. மருமகள் ஒன்றும் கேட்காமல்

இரண்டையும் அடித்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்: பெரியவர் மூன்றாம் முறை அழுத்தினார். பதினேழு ஓடி முடிந்தது. பெயருக்கும் பெயருக்கும் நடுவே எப்போதும்போல் பலகை ஒரு கணம் இருண்டது. பிறகு வலது ஓரத்தில், அவள் முதல் எழுத்தின் முதல் புள்ளிகள். என் விரல்

(பெரியவரின் விரல் என்று திருத்த வேண்டும். திருத்தவில்லை.)

இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. பலகையை உங்கள் பக்கம் நகர்த்தி வைக்கிறேன். இடமிருந்து மூன்றாவது கால். அழுத்திப் பிடியுங்கள்.