பனிமலைக்கு ஒன்பது கேள்விகள்

கார்பன் தாளை இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மூன்றையும் மேசையில் தட்டி ஓரம் சேர்த்து மெஷினுக்குள் கொடுத்தான் அப்துல் சலாம். பகலில் தோல் மண்டியில் எழுத்தர் வேலை. மாலை ஆறு மணிக்குத் திருச்சி தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு மாடியில் டைப்ரைட்டிங்கும் வணிகக் கடிதமும் படித்தான். இன்று பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, தங்கை சுராயாவைப் பெண் கேட்டிருக்கும் மாப்பிள்ளைக்குக் கடிதம் அடிக்க உட்கார்ந்திருந்தான்.

மாப்பிள்ளை நஜிமுதீன் காரைக்கால்காரர். பிரெஞ்சு தெரியும். சைகோனுக்குப் போய், அங்கிருந்து கப்பலில் மார்செய் போய், இப்போது லெபனானில் மலைமேல் ஒரு ஹோட்டலில் வேலை. அவர் அனுப்பிய பட அட்டை ஒரு வாரமாக வீட்டில் கைமாறிக்கொண்டிருந்தது. மலை முழுக்க வெள்ளை. கம்பியில் நாற்காலிகள் தொங்கின. அவற்றில் உட்கார்ந்திருந்தவர்களின் காலில் ஆளுயரப் பலகைகள். பின்பக்கம் ஒரே வரி: "நான் வேலை செய்யும் இடம்."

"அரபு நாட்டுல ஏது பனி? ஒட்டகந்தான் இருக்கும்" என்றார் ஹபீபுல்லா மாமு. "சுவிட்சர்லாந்து படத்த எங்கயோ வாங்கி அனுப்பிட்டு நம்மள கேணயனாக்குறான்."

"ஊரெல்லாம் வழுக்குற இடமா இருக்கு. அங்க போயி புள்ளைக்கு ஒண்ணுன்னா யாருங்க பாக்குறது?" என்றாள் அம்மா சாரா பீவி.

அத்தா சேக் மைதீன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மகனிடம் நீட்டினார். "நீதான இங்கிலீஷ் படிக்கிறே. என்னா ஏதுன்னு விசாரி. நீ சரின்னா நானும் சரி."

அந்தக் கடைசி வாக்கியம் சலாமைத் தூங்கவிடவில்லை. நூலகத்தில் அட்லஸையும் கலைக்களஞ்சியத்தையும் புரட்டினான். கட்டைவிரல் நகம் அளவு நாடு. ஒரு பக்கம் கடல், அதை ஒட்டியே மலை. அங்கே பனி விழுவது உண்மைதான், பட்டணத்துப் பணக்காரர்கள் பலகை கட்டிச் சறுக்கி விளையாட வருவதும் உண்மைதான். ஆனால் டிசம்பரிலிருந்து மார்ச் வரைக்கும்தான் பனி. டைரியில் எழுதினான்: "மீதி எட்டு மாதம் என்ன செய்வார்?" கீழே இன்னொரு வரி: "இதைக் கேட்பது முறையா?" எழுதியதை அடித்தான். பிறகு அடித்ததற்கு மேலேயே மறுபடி எழுதினான்.

முறையாகக் கேட்க அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று: இங்கிலீஷில் ஒரு வணிகக் கடிதம். வகுப்பில் சொல்லித் தந்தபடி மேலே எண், தேதி. அடுத்து பொருள்: திருமணம் சம்பந்தமாக விளக்கம் கோருதல். அதன்கீழ் ஒன்று முதல் ஒன்பது வரை கேள்விகள். பதினைந்து நாட்களுக்குள் பதில் எதிர்பார்ப்பதாக முடித்து, கையெழுத்திட்டு, நகலைக் கோப்பில் வைத்தான்.

ஐந்து வாரம் கழித்து ஏர்மெயில் வந்தது. வீட்டார் சுற்றி உட்கார்ந்தார்கள். சுராயா கதவுக்கு அப்பால் நின்றாள். சலாம் உரக்கப் படித்தான்.

"அன்புள்ள சலாம் தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு இங்கிலீஷ் வராது. உங்கள் கடிதத்தின் அமைப்பைப் பார்த்து வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஹோட்டல் மேனேஜர் படித்துவிட்டுச் சிரித்தார்."

மாமு கெக்கலி கொட்டினார். சலாமின் காது சூடேறியது. ஆனால் கடிதம் ஒவ்வொரு கேள்விக்கும் எண் போட்டுப் பதில் சொல்லியிருந்தது. சனி, ஞாயிறில் பெய்ரூத்திலிருந்து கார்கள் வரிசையாக மலையேறி வரும். விருந்தாளிகளுக்கு அளவான பூட்ஸ் எடுத்து மாட்டி, பலகையை வார் போட்டு இறுக்கிவிடுவது தன் வேலை. மாலையில் பலகைகளைத் துடைத்து அடியில் மெழுகு தேய்ப்பதும் தானே. பனி உருகியதும் ஆட்களை மேலே ஏற்றும் கம்பி நாற்காலிகள் வெறுமனே தொங்கும். அப்போது கீழே ஆப்பிள் தோட்டத்தில் வேலை.

"கேட்டீங்களா மச்சான்? ஹோட்டல்ல வேலைன்னாங்க. கடைசியில அடுத்தவன் காலுக்குச் செருப்பு மாட்டுற வேலை!" என்றார் மாமு.

அத்தா "படி" என்று கையசைத்தார்.

"ஒன்பது: மனைவியை எப்போது அழைத்துப்போவீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அதை நான் ஒருவனாகச் சொல்ல முடியாது. ஜனவரியில் இங்கே கதவைத் திறந்தால் இடுப்பளவு பனி நிற்கும். முதல் வருஷம் நான் குளிர் தாங்காமல் அழுதிருக்கிறேன். இந்த ஒன்பதில் ஒன்றுகூட உங்கள் தங்கை கேட்டதாகத் தெரியவில்லை. அவர்களைக் கேட்டு எழுதுங்கள். வேண்டாம் என்றாலும் வருத்தமில்லை."

சலாம் கோப்பைத் திறந்து நகலை எடுத்தான். வேலை, சம்பளம், தொழுகைக்குப் பள்ளிவாசல், சாப்பாடு, விடுமுறை. விரல் வைத்து ஒன்பதையும் பார்த்தான். அவர் சொன்னது சரிதான். அடுத்த அறையில் இருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒன்பது கேள்வியையும் மூன்று தடவை திருத்தியவனுக்கு அது தோன்றவேயில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் போட்டுடணும்" என்றார் அத்தா கதவைப் பார்த்து. "ஏம்மா, நீ என்ன சொல்றே?"

கதவுக்கு அப்பாலிருந்து சுராயாவின் குரல் மட்டும் வந்தது. "குளிருன்னா எவ்வளவு குளிருண்ணே?"

எல்லோரும் திருச்சியில் பிறந்து வளர்ந்தவர்கள். மார்கழியில் விடியற்காலையில் போர்வை தேடியதுதான் அவர்கள் கண்ட குளிர்.

மறுநாள் காலை, மண்டிக்குப் போகும் முன் அவளை மீன் மார்க்கெட் பக்கம் ஐஸ் கிடங்குக்கு அழைத்துப்போனான். வெள்ளைத் துப்பட்டியை இறுக்கிப் போர்த்திக்கொண்டு அவள் பின்னால் வந்தாள். கிடங்குக்காரர் அழகர்சாமி மரத்தூளுக்குள்ளிருந்து ஒரு பாளத்தைக் கொக்கியால் இழுத்துப் போட்டார்.

"எத்தனை பார் வேணும் தம்பி? விசேஷமா?"

"வாங்க வரலைங்க. தங்கச்சி கை வச்சுப் பாக்கணுமாம்."

"ஐஸ்ல கை வச்சுப் பாக்கவா? நல்லா வந்தீங்க காலையில!" அழகர்சாமி சிரித்தார். "வைக்கட்டும், வைக்கட்டும். எவ்வளவு நேரம் வைக்குதுன்னு பாப்போம்."

சுராயா கை வைக்கவில்லை. செருப்பைக் கழற்றினாள். பாவாடை நுனியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, வலது காலை ஐஸ் பாளத்தின்மேல் வைத்தாள். அவள் தோள் குலுங்கியது. மூச்சு உள்ளேயே நின்றது.

"போதும், எடுத்துடு" என்றான் சலாம்.

"செத்த பேசாம இருங்கண்ணே."

அவன் தோளைப் பிடித்துக்கொண்டு இன்னொரு காலையும் ஏற்றி வைத்தாள். பாளத்தின்மேல் நிமிர்ந்து நின்றபோது அவள் அண்ணனைவிட உயரமாக இருந்தாள். வெள்ளைப் புகை கணுக்கால்களைச் சுற்றி எழுந்தது. மரத்தூள் ஒட்டிய கால்விரல்கள் சிவந்துகொண்டு வந்தன. அழகர்சாமி கொக்கியைக் கையில் வைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். சுராயா கண்ணை மூடியிருந்தாள். தோளைப் பற்றியிருந்த அவள் பிடி மெல்ல மெல்லத் தளர்ந்தது. பிறகு அந்தக் கை தோளில் இல்லை; பிடிப்பு எதுவுமின்றி அவள் பாளத்தின்மேல் நின்றுகொண்டிருந்தாள்.