சூடு ஆறாத பிராசஸர்

மார்செல் இறந்துபோன பிறகு அவனுடைய கம்ப்யூட்டரைத் தங்கை ஒடெட் எடுத்துக்கொண்டாள். சட்பரி நகரில் அவன் வாடகை வீட்டிலிருந்த மற்றதையெல்லாம் யார் யாரோ கொண்டுபோனார்கள். இதை மட்டும் அவள் தொடவிடவில்லை. சனிக்கிழமை மாலைகளில் அண்ணனின் கூட்டாளிகள் மூவரோடு இணையத்தில் அவன் இடத்தில் உட்கார்ந்து விளையாடினாள். நால்வர் இருந்தால்தான் அந்த விளையாட்டு.

இலைகள் உதிர்ந்த சமயம் அதற்குப் புதிய பதிப்பு வந்தது. கம்ப்யூட்டரின் மூளையான பழைய பிராசஸரால் தாங்க முடியவில்லை. எதிரி கண்ணில் பட்டதும் படம் உறைந்து நிற்கும். மறுபடி அசையும்போது அவள் செத்துக் கிடப்பாள். யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் கூட்டாளிகளில் ஒருவன், தன் மச்சான் நன்றாக விளையாடுவான் என்று பேச்சுவாக்கில் சொன்னான். அந்த மச்சானைச் சேர்த்துக்கொண்டால் அண்ணனின் இடம் கைநழுவிப் போய்விடும்.

செலவழிக்க முடிந்தது இருநூறு டாலர். புது வகை பிராசஸர் வாங்கினால் அதைத் தாங்கும் பலகையான மதர்போர்டையும் மாற்ற வேண்டும். மாற்றினால் அது மார்செலின் கம்ப்யூட்டர் இல்லை. பழைய போர்டில் பொருந்துபவை இரண்டு: கணக்குப் போடும் கோர்கள் ஆறு உள்ளது, எட்டு உள்ளது. எட்டு என்றால் கூடுதல் காலம் வருமோ என்று மனம் அலைபாய்ந்தது. கூட்டாளிகளில் இன்னொருவனான வெண்டல்தான் சாஸ்கட்டூனிலிருந்து போனில் முடித்துவைத்தான்.

"எட்டு கோர் வச்சு என்ன குட்டி பண்ணப்போற, சினிமா எடுக்கப்போறியா? விளையாட ஆறு போதும். பின்னாடி இன்னொரு பிராசஸர் போடலாம்னுதான் மார்செல் அந்த போர்டத் தேடி வாங்கினான்."

ஆறு கோர் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. ஒடெட் பிராசஸரைக் குளிர்விக்கும் கூலரின் பிடியை விடுவித்து நேராக மேலே இழுத்தாள். அடியில் காய்ந்து இறுகிய, சூட்டைக் கடத்தும் பேஸ்டில் ஒட்டிக்கொண்டு, பழைய பிராசஸரும் பல்லைப் பிடுங்கியதுபோல் கூடவே வந்தது. ஒரு மூலையில் அதன் ஊசிக் கால்கள் வளைந்திருந்தன. இனி எதற்கு அது என்று ஒதுக்கிவிட்டுப் புதியதைப் பொருத்தினாள். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. கழற்றி மாட்டியும் அதே கறுப்பு.

வெண்டலை அழைத்தாள். பயாஸைப் புதுப்பித்தாயா என்றுதான் அவன் முதலில் கேட்டான். அவள் புதுப்பித்திருக்கவில்லை. அந்த போர்டு புதிய பிராசஸரைவிட வயதானது. அதன் உள் மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தால்தான் புதியதை அடையாளம் காணும். அதைப் பழைய பிராசஸர் இருக்கும்போதே செய்திருக்க வேண்டும்.

"பழசத் திரும்ப மாட்டு. ஒரு தடவை எந்திரிச்சாப் போதும்."

"அதோட கால் வளைஞ்சிருச்சு, வெண்டல்."



"ஒடையலல்ல? மெக்கானிக்கல் பென்சில்ல குச்சிய எடுத்துட்டு, ஓட்டை முனைய ஒவ்வொரு காலா மாட்டி நிமித்து. ஒடைஞ்சா எங்கிட்ட சொல்லாத, நான் அழுதுருவேன்."

ஜன்னலோரம் வெளிச்சத்தில் வைத்து நிமிர்த்தினாள். தலைமுடி கனம்கூட இல்லாத கால்கள். ஒன்று அசைந்தபோது பென்சிலை எடுத்துவிட்டு மறுபடி மெல்ல மாட்டினாள். உடையவில்லை. எல்லாம் குழிகளுக்குள் இறங்கின. பொத்தானை அழுத்தினாள். திரை விழித்து, மார்செலின் பெயரைக் காட்டியது.

புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் போர்டே செத்துவிடும். வெளியே பனிக்காற்று. ஒருமுறை அறை விளக்கு மங்கியது. அவள் மேசையை இறுகப் பிடித்துக்கொண்டாள். விளக்கு தேறியது. வேலையும் முடிந்தது.

"இப்ப அவசரப்படாத. கொஞ்ச நேரம் விளையாடு. சூடானா பேஸ்ட் இளகும். அப்புறம் கூலரத் திருகி எடு" என்றான் போனில் வெண்டல்.

தனியாக விளையாடினாள். படம் உறைந்தது, அசைந்தது, மறுபடி உறைந்தது. முதல்முறையாக அது அவளுக்குக் கோபம் தரவில்லை. அணைத்துவிட்டு, கூலரை இப்படியும் அப்படியும் திருகினாள். அது மட்டும் தனியே வந்தது. பிராசஸரை எடுத்து, கால்கள் படாமல் உள்ளங்கையில் மல்லாத்தி வைத்தாள்.

"மாத்திட்டியா?"

"ஒரு நிமிஷம் இரு."

சூடு முழுவதும் கைக்கு இறங்கும்வரை வைத்திருந்தாள். பிறகு புதியதைப் பொருத்திப் பொத்தானை அழுத்தினாள். திரை விழித்தது. வெண்டலின் பக்கம் மணி ஒலித்தது. அவனுடைய விளையாட்டுக் கூட்டாளிகள் பட்டியலில், இணைப்பில் வந்துவிட்டதற்கு அடையாளமாக, மார்செலின் பெயர் பச்சையானது.

"நாளைக்கு நாலு பேர்னு அவனுங்ககிட்ட சொல்லிடறேன்" என்றான்.